உதைத்ததும் கிடந்ததும்

சிந்துபூந்துறைப் படித்துறையில் நின்றால் வண்ணார்பேட்டைக் கரை கண்ணுக்கு எதிரே தெரியும். அங்கே துணி துவைக்கிறவர்கள் சண்டை போட்டால் இங்கே குளிக்கிறவர்களுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். பங்குனி, சித்திரையில் தாமிரபரணியில் தொடைக்கு மேல் தண்ணீர் இராது. நடுவே மணல் திட்டு வேறு. அவ்வளவுதான் தூரம். அந்தத் தூரத்துக்காக என்னைச் சாகவிடத் துணிந்தார்கள். துணிந்தவர்கள் எல்லோரும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் சைவக் குடும்பம் என்றாலும் மிஷன்காரர்களுடைய பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னை ஐந்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். பதினாறு வயதில் ஆற்றுக்கு மேற்கே சிந்துபூந்துறையில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஆற்றுக்குக் கிழக்கே கொக்கிரகுளத்தில், கலெக்டர் கச்சேரியில், நகல் எழுதும் குமாஸ்தா. முத்து முத்தான கையெழுத்து. எதைக் கொடுத்தாலும் ஒரு புள்ளி மாறாமல் திரும்ப எழுதுவார். வீட்டிலும் அப்படித்தான்; அவருடைய அம்மா சொன்னதை ஒரு புள்ளி மாறாமல் திரும்பச் சொல்வார். மற்றபடி கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது.

இந்த நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை. மூன்றாம் வருஷம் தங்கியது. தங்கிய நாளிலிருந்து மாமியார் சட்டம் போட ஆரம்பித்தாள். அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தையின் முதல் சட்டம், "சூலி ஆறு தாண்டப்படாது."

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் ஊரில் பலரும் அதற்கு ஏதாவது ஒரு இடம் கொடுப்பார்கள். ஏழாம் மாதத்துக்கு மேல்தான் தாண்டக் கூடாது என்பார்கள் சிலர். பிறந்த வீட்டுக்குத்தானே, ஒரு துண்டு மஞ்சளை ஆற்றில் போட்டுவிட்டுப் போ என்பார்கள் சிலர். அத்தையிடம் இந்தச் சலுகை எதுவும் செல்லாது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மா வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். வேடிக்கை என்னவென்றால், தாண்டத்தான் கூடாது, இறங்கலாம். தினமும் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று துவைத்துக் குளித்து, இடுப்பில் ஒரு குடத்தோடு நான் படியேற வேண்டும். சூலியின் புருஷனும் ஆறு தாண்டக் கூடாது என்று அதே வாய் வேறொருத்திக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தினமும் பாலத்தில் போய்த் திரும்பினார். கேட்டால், "அது சர்க்கார் உத்தியோகம்லா" என்றாள். சர்க்கார் வேலைக்கு ஆறு ஒதுங்கி வழிவிடும் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாலாம் மாதத்தில் என் வயிறு ஏழு மாத வயிறாக இருந்தது. படித்துறைப் பெண்கள் "ஒட்டுப்பழம் தின்னியாக்கும்" என்று கேலி பண்ணினார்கள். ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைத் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இடது பக்கம் எப்போதும் ஒரு கனம் இழுத்தது. முதல் பிள்ளை என்பதால் எது கனம், எது நோவு என்று எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் மருத்துவச்சி வந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள் அவள். விளக்கெண்ணெய் தடவி, இரண்டு உள்ளங்கையாலும் பைய வயிற்றை அழுத்திப் பார்த்தாள். வலது பக்கம் ஏதோ துள்ளியது. இடது பக்கம் உரித்த தேங்காய் பருமனில் உருண்டையாக ஒன்று, அசைவில்லாமல் இருந்தது. மருத்துவச்சி அங்கேயே திரும்பத் திரும்ப விரலால் துழாவிப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்து, "ஒண்ணு உதைக்கி, ஒண்ணு கெடக்கு ஆச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரட்டை என்று அவள் சொல்லவில்லை.

சொன்னது அத்தை. "உதைக்கது ஆம்பிளப் பிள்ள. அடங்கிக் கெடக்கது பொம்பளப் பிள்ள" என்றாள். அன்றிலிருந்து அதுதான் வேதம். ஒரே பிரசவத்தில் ஆணும் பெண்ணும். இரண்டு தொட்டில் கட்ட உத்தரத்தில் இரண்டு வளையம் மாட்டியாயிற்று. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். வலது பக்கம் தொட்டுவிட்டு, "பய என்ன துடி துடிக்கான்" என்பார்கள். இடது பக்கம் தொட்டுவிட்டு, "எம்புட்டு அடக்கம் பாரு" என்பார்கள். அசைகிறதா என்று ஒருவரும் கவலைப்படவில்லை. பெண் என்றால் அசையாமல்தான் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். நான் ஏதாவது எதிர்த்துப் பேசினால் அத்தை என் இடது வயிற்றைக் காட்டி, "உள்ள கெடக்க பிள்ளைக்கு இருக்க அடக்கம் பெத்தவளுக்கு இல்லையே" என்பாள். இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயிற்றுக்குள் இருந்த ஒரு நோயைப் பார்த்து நான் ஒழுக்கம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பங்குனி பிறந்த முதல் வாரம் அந்த அடக்கமான பிள்ளை தன் குணத்தைக் காட்டியது. அடுப்படியில் குனிந்து எழுந்தேன். இடது அடிவயிற்றைத் துணி பிழிவது போல யாரோ பிழிந்தார்கள். கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். வாந்தி எடுத்தேன். மூச்சு விட்டால் வலித்தது. ஒரு மணி நேரத்தில் தானாக விட்டது. அத்தை சீரகத் தண்ணீர் கொடுத்து, "சூட்டு வலி" என்று முடித்துவிட்டாள். செய்தி கேட்டு அம்மா வந்தாள். என்னைப் படுக்க வைத்து அவளே தொட்டுப் பார்த்தாள். பிறகு மருத்துவச்சியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நீதானே ரெட்டைன்னு சொன்ன?"

"நான் எங்கம்மா சொன்னேன்? ஒண்ணு உதைக்கி, ஒண்ணு கெடக்குன்னேன். ஆச்சிதான் மிச்சத்தைச் சொன்னாவ."

"அப்ப கெடக்கது என்னது?"

மருத்துவச்சி அத்தை நிற்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைன்னா தலை, முதுகு, காலு கைக்குத் தட்டும்மா. இதுல ஒண்ணும் தட்டல. சந்தோசமா இருக்க வீட்டுல நான் எதைச் சொல்ல?"

அம்மா அவளைத் திட்டவில்லை. நான்தான் திட்டினேன். அந்தக் கை ஒரு மாதமாக அறிந்திருந்தது. அந்த வாய் சொல்லவில்லை. அவள்மேல் உள்ள கோபம் பின்னால் கொஞ்சம் தணிந்தது, ஏனென்றால் கடைசியில் உண்மையைச் சொன்னவளும் அவள்தான்.

பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. மறுநாள் காலை அம்மா அவரை வண்டியில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். டாக்டர் ஆறு தாண்டக் கூடாது என்று அத்தையிடம் சட்டம் எதுவும் இல்லை. அந்த அம்மாள் தமிழை வேதப் புத்தகத்தில் கற்றவர். எல்லோரையும் நீர், உமக்கு என்றுதான் பேசுவார். முன்னறைக் கதவைச் சாத்தி என்னைப் பாயில் படுக்க வைத்தார். அத்தை சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. விரலை வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். மரக்குழல் ஒன்றை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்து வலது பக்கம் கேட்டார், நடுவில் கேட்டார், இடது பக்கம் வெகுநேரம் கேட்டார். என்னை வலப்புறம் ஒருக்களிக்கச் சொன்னார். இடப்புறம் ஒருக்களிக்கச் சொன்னார். கடைசியில் என் கையைப் பிடித்து, என் வயிற்றில் இரண்டு மேட்டுக்கும் நடுவே வைத்தார்.

"இந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பாரும். இந்தப் பக்கம் கர்ப்பம். அதில் ஒரு பிள்ளை, ஒரு துடிப்பு. அந்தப் பக்கம் இருப்பது பிள்ளை அல்ல. கட்டி."

ஊரே தொட்ட வயிறு அது. என் கையை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டியவர் அவர் ஒருவர்தான். என் விரலுக்கு அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது.

அவர் நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் முட்டை உண்டாகும் பை ஒவ்வொன்று உண்டு. இடது பையில் இந்தக் கட்டி வளர்ந்திருக்கிறது. காம்பில் மாங்காய் தொங்குவது போலத் தொங்குகிறது. பிள்ளை வளர வளர அதை இடம் விட்டுத் தள்ளுகிறது. அப்போது காம்பு முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கு முறுக்கித் தானாக அவிழ்ந்திருக்கிறது. அடுத்த முறை அவிழாவிட்டால் கட்டி உள்ளேயே அழுகிவிடும். முறுக்காமல் தப்பித்தாலும், பிரசவத்தின்போது கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது.

"நாலாம் மாதத்தில் பார்த்திருந்தால் நல்லது. இப்போதும் காலம் தப்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாரும். மயக்கம் கொடுத்து அதை எடுத்துவிடுவேன்."

"எடுத்தா பிள்ளை தங்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"தங்கலாம், தங்காமலும் போகலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன்."

இந்த வீட்டிலேயே அறுக்க முடியாதா என்று அத்தை முதல்முறையாக வாயைத் திறந்தாள். முடியாது, மேஜை வேண்டும், வெளிச்சம் வேண்டும், கொதித்த தண்ணீர் குடம் குடமாக வேண்டும், கூட நிற்க நர்ஸுகள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் வேண்டாம் என்றாள் அத்தை. ஆறு தாண்டப்படாது.

டாக்டரம்மா போன பிறகு அம்மாவும் அத்தையும் வாதாடியதை நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

"பாலத்து மேல போனா தாண்டுனதா ஆகுமா மதினி? கால்ல ஒரு சொட்டுத் தண்ணி படாதே."

"நெழல் தண்ணியில விழும்லா."

"கூண்டு வண்டியில கூட்டிட்டுப் போறேன். வண்டி நெழல்தான் விழும்."

"வயித்துல கெடக்க பிள்ளைகளுக்குத் தெரியாதாக்கும், ஆறு வருதுன்னு?"

பிள்ளைகளுக்கு என்றாள். டாக்டர் வந்து ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் அவள் கணக்கில் இரண்டு. அம்மாவும் அதற்குமேல் போகவில்லை. சம்பந்தி வீட்டில் குரலை உயர்த்த அவளுக்குப் பயம். அம்மாமேலும் எனக்குக் கோபம்தான். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தவள், வந்த வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிற்று, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயில் வந்தது என்னவோ, "அம்மைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுதேன்" என்பதுதான். கேட்டார். ஜோசியரிடமும் போனார். சித்திரை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அப்புறம் என் வீட்டுக்காரரே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "ஆத்தைத் தாண்டாம சுத்திப் போக முடியாதா? பாபநாசத்துக்கு மேல, ஆறு பொறக்க எடத்தைச் சுத்திட்டு அந்தக் கரையோட வந்தா?" என்றார். விளையாட்டில்லை, உண்மையாகக் கேட்டார். படித்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கரைக்குப் பொதிகை மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அத்தை அதற்கும் பதில் வைத்திருந்தாள்: "சூலி மலை ஏறப்படாது." அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

இப்படிப் பத்து நாள் போயிற்று. இடையில் வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளும் நான் ராத்திரி பகல் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கம் உதைக்கும்போதெல்லாம், இரு, கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொள்வேன். யாரைப் பொறுக்கச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பத்தாம் நாள் காலை படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் பிழிந்தது. முந்தியதைவிட மோசம். படியிலேயே சுருண்டு வாந்தி எடுத்தேன். அத்தை முதுகைத் தடவிவிட்டாள். அரை மணிக்குப் பிறகு வலி போகவில்லை, ஆனால் எழுந்து நிற்கும் அளவுக்குத் தளர்ந்தது. "சூடுதான். எறங்கி ஒரு முங்கு முங்கு, சரியாப்போவும்" என்றாள் அத்தை.

நான் இறங்கினேன். தண்ணீர் முழங்காலில் இருந்தது. எதிர்க்கரையில் ஒரு பெண் கல்லில் வேட்டியை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்குத்திகூடத் தெரிந்தது. எனக்கு அந்த நேரத்தில் பயமே வரவில்லை. கோபம்தான் வந்தது. அத்தைமேல், அவர்மேல், அம்மாமேல், இந்தத் தண்ணீர்மேல், ஒண்ணு கெடக்கு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவள்மேல். நாளைக்கு நான் செத்தால் இவர்கள் எல்லோரும் இதே படித்துறையில் எனக்காக முழுகிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள் என்று தோன்றியது. வலது பக்கம் ஒரு உதை விழுந்தது. நான் முங்கவில்லை. நடந்தேன்.

மணல் திட்டு வரைக்கும் அத்தைக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினாள்.

"ஏளா, எங்கன போற? ஏளா, திரும்பு. பிள்ளைகளைக் கொல்லப் போறியா?"

படித்துறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் தண்ணீரில் இறங்கி என்னைப் பிடிக்கவில்லை, துணைக்கும் வரவில்லை. திட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தொடைக்கு ஏறியது. ஈரப் புடவை காலைச் சுற்றியது. ஒரு கையால் இடது வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கூழாங்கல்லில் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன். துவைத்துக்கொண்டிருந்த பெண் வேட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "ஆசுபத்திரிக்கு" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. வைக்கோல் ஏற்றிவந்த ஒரு வண்டியை நிறுத்தி, பாதி வைக்கோலைக் கீழே தள்ளச் சொல்லி, என்னைப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரி வாசல் வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் போய்த் தன் துணிகளைத் தேடியிருப்பாள். பிற்பாடு நான் அந்தக் கரையில் பல முறை விசாரித்தும் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டரம்மா என்னைத் தொட்டுப் பார்த்ததும் மேஜையைத் தயார் பண்ணச் சொன்னார். கச்சேரிக்கு ஆள் போயிற்று. என் வீட்டுக்காரர் விரலில் மைக் கறையோடு வந்து நின்றார். அறுப்பதற்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"அம்மைகிட்ட ஒரு வார்த்தை..."

"உம்முடைய தாயாரின் வயிற்றையா நான் அறுக்கப் போகிறேன்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இங்கன கொடுங்க" என்று நான் காகிதத்தை வாங்கினேன். படுத்தபடியே என் பெயரை எழுதினேன். அப்பா படிக்க வைத்த ஐந்து வகுப்பும் அந்த ஒரு கையெழுத்துக்குப் பயன்பட்டது. எழுத்து கோணலாகத்தான் இருந்தது.

முகத்தில் துணியைப் போட்டுத் மயக்க மருந்தைச் சொட்டினார்கள். தித்திப்பாக ஒரு வாடை. எண்ணச் சொன்னார்கள், ஏழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது வெயில் சன்னலுக்கு வந்திருந்தது. தொண்டை வறண்டிருந்தது. நான் கேட்ட முதல் வார்த்தை, "உதைக்காளா?" என்பது. ஆண் என்று எல்லோரும் சொல்லியிருந்த பிள்ளையை நான் ஏன் அப்படிக் கேட்டேனோ தெரியாது. டாக்டரம்மா மரக்குழலை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். வயிறு முறுகினால் பிள்ளை போய்விடும் என்று அபினி மருந்து கொடுத்து உறங்க வைத்தார்கள். நான்காம் நாள் வலது பக்கம், தையலுக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு உதை விழுந்தது. உயிர் போகிற வலி. நான் வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

எடுத்த கட்டியை எனக்குக் காட்டும்படி கேட்டேன். டாக்டரம்மா யோசித்துவிட்டுக் கண்ணாடிச் சாடியைக் கொண்டுவந்தார். காம்பு மூன்று முறுக்கு முறுக்கிக் கறுத்திருந்தது. பையைப் பிளந்திருந்தார்கள். உள்ளே கொழுப்பு, சிக்குப் பிடித்த ஒரு பிடி மயிர், ஓரத்தில் இரண்டு பல். நான் பயந்துவிட்டேன். டாக்டரம்மா, சில கட்டிகளில் இப்படி மயிரும் பல்லும் முளைக்கும், இதற்கு உயிர் இல்லை, இருந்ததும் இல்லை, கல்யாணத்துக்கு முன்பே உமக்குள் இது இருந்திருக்கலாம் என்றார். எனக்கு விளங்கியது. ஆனால் கட்டியை எடுத்துப் போட்ட கிண்ணத்தைக் கழுவிய ஆயா எனக்கு முன்பே பார்த்திருந்தாள். தலைமயிரும் பல்லும் உள்ள ஒன்றை அறுத்தார்கள் என்ற பேச்சு அன்று சாயங்காலமே பாலத்தைத் தாண்டிவிட்டது. பேச்சுக்கு எந்த ஆறும் தடையில்லை.

அத்தை என்னைப் பார்க்க வரவில்லை. செத்துப்போன பேத்திக்காகத் தாமிரபரணியில் தலைமுழுகினாள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். எழுத்து மாறாமல் சொன்னார். மயிரும் பல்லும் இருந்தால் பிள்ளை இல்லாமல் என்ன என்று கேட்டாளாம். நான் சாடியைக் காட்டச் சொன்னேன். அவர் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டார்.

நான் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை, பாளையங்கோட்டையிலேயே இருந்தேன். ஆடி மாதம், ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடும்போது, அதே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. வழியில் ஒரு தடையும் இல்லை. பெண். வெளியே வந்ததும் டாக்டரம்மாவின் கையில் ஒரு உதை கொடுத்தாள்.

பதினாறாம் நாள் என் வீட்டுக்காரரோடு அத்தை வந்தாள். பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்ப அறுத்து எறிஞ்சதுதான் ஆம்பிளப் பிள்ள" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்தார். ஐந்து மாதமாக அவர்கள் பேச்சில் அடக்கமான பெண்ணாக இருந்த கட்டி, என் மகளுடைய துணியை விலக்கிய அந்த நொடியில் ஆணாகிவிட்டது. என் மடியில் உயிரோடு கிடந்தவளுக்கு அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சாடிக்குள் கிடந்த மயிருக்கு இரண்டு பேர் அழுதார்கள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மா வந்து என் வாயைப் பொத்தினாள்.

பிறகு சிந்துபூந்துறைக்குப் போனேன். போகாமல் எங்கே போவது. எனக்கு அதற்குப்பின் இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், முட்டைப் பை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது என்றாலும். மூத்தவளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கேட்ட பிறகு சொன்னாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தானாமே. நான் உதைச்சு உதைச்சு அவனைக் கொன்னுட்டேனாமே."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அத்தை என்னவோ கேட்டாள், நான் நிற்கவில்லை. பாலத்தின்மேல் நடந்தே போனோம். என் நிழலும் அவள் நிழலும் தண்ணீரில் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் இருந்த பழைய டாக்டரம்மா தன் ஊருக்குப் போய்விட்டிருந்தார். வேறொருவர் இருந்தார், நர்ஸ் ஒருத்திக்கு என்னை ஞாபகம் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் சாடி அப்படியே இருந்தது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்குக் காட்டுவார்களாம். இறக்கி மேஜைமேல் வைத்தாள். என் மகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் அண்ணனா?"

"இதைத்தான் சொல்லுதாங்க."

சாடியைச் சுற்றி வந்தாள். "கண்ணு எங்கம்மா?"

"கெடையாது."

"காலு?"

"கெடையாது."

"இது அழுமா?"

"இது ஒருநாளும் அழுததில்ல. அசைஞ்சதில்ல. எனக்குள்ள சும்மா கெடந்து என்னைக் கொல்லப் பாத்துச்சு."

அவள் ஒரு விரலால் கண்ணாடியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"அப்ப, உதைச்சது நானு மட்டுந்தானா?"

"நீ மட்டுந்தான்," என்றேன். "நீ உதைச்சதாலதான் நான் ஆத்தைத் தாண்டுனேன்."